வெயிலில் நிறுத்திய தாசில்தார்

போன மாசம் ஒரு சான்றிதழ் விஷயமா ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம்னு சொல்லப் போறதில்லை. உள்ளே அதிகாரி சும்மாதான் உட்கார்ந்திருந்தார், கதவிடுக்கு வழியா நல்லாவே தெரிஞ்சது. ஆனா வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாரே ஒருத்தர், அவர்தான் அன்னிக்கு ராஜா. எனக்கு முன்னாடி நின்ன ஒரு பாட்டியை "ஓரமாப் போய் நில்லு"ன்னு வெயில்ல நிறுத்திட்டார். நிழல்ல தாராளமா இடம் இருந்தது. பாட்டி ஒரு வார்த்தை பேசாம போய் நின்னுச்சு. நானும் ஒரு வார்த்தை பேசலை. என் பேப்பர் உள்ளே போகணுமே!

அன்னிக்கு ராத்திரி ஞாபகம் வந்தது 1855ஆம் வருஷத்து அறிக்கை ஒண்ணு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்கப் போட்ட கமிஷனோட அறிக்கை அது. பேரைப் பார்த்ததும் ஏதோ கொலை, கொள்ளை, போலீஸ் லாக்கப் சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. அதுவும் உண்டு. ஆனா நிறைய இடத்துல விஷயம் வெறும் நிலவரி. கிஸ்தி பாக்கி!

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். ரயத்துவாரி முறையில் வரியை நேரா குடியானவன் கிட்டேயே வசூல் பண்ணணும். 1816இல் வந்த சட்டம் போலீஸ் அதிகாரத்தையும் கலெக்டர், தாசில்தார் கையிலேயே கொடுத்துவிட்டது. அதாவது வரி கேக்கறவரும் அவரே, புடிச்சு வைக்கிறவரும் அவரே. அவருக்குக் கீழே சேவகன், தலையாரி, கணக்குப்பிள்ளைன்னு ஒரு பட்டாளம். சம்பளம் சொற்பம், அதிகாரம் மட்டும் ஏராளம். குடியானவன் புகார் சொல்லணும்னாலும் அதே கச்சேரி வாசல்லதான் போய் நிக்கணும். எவ்வளவு வசதி பாருங்க!

சென்னையில் காஜுலு லட்சுமிநரசு செட்டி என்று ஒரு வியாபாரி இருந்தார். 'கிரசென்ட்' பத்திரிகை நடத்தியவர், 1852இல் சென்னை சுதேசி சங்கத்தை ஆரம்பித்தவர். நம்ம பாடப்புத்தகங்கள் இவரை ரெண்டு வரியில் தாண்டிப் போயிடும். 1853இல் டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் எம்.பி. இங்கே வந்தபோது, விவசாயிகள் படும் பாட்டை இவர்தான் எடுத்துச் சொன்னார். விஷயம் 1854இல் லண்டன் பார்லிமெண்ட் வரை போனது. அங்கே கேள்வி கிளம்பிய பிறகுதான் இங்கே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூணு பேர் கமிஷன்.

வந்து குவிந்த புகார்கள் 1,900க்கும் மேலே.

அதில் திரும்பத் திரும்ப வரும் ரெண்டு பெயர் 'கிட்டி', 'அண்ணாந்தாள்'. இங்கிலீஷ் அறிக்கைக்குள்ளே நம்ம வார்த்தைகள் அப்படியே உட்கார்ந்திருக்கு. கிட்டின்னா ஒரு முனையில் சேர்த்துக் கட்டின ரெண்டு குச்சி. நடுவுல விரலை வச்சு, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி நெருக்குவாங்க. அண்ணாந்தாளுக்கு அதுவும் வேண்டாம், ஆளோட துணியே போதும். கழுத்தையும் கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டி, குனிஞ்ச மேனிக்கு நிறுத்திடறது. அப்புறம் வெயில். குனிய வச்சு முதுகுல கல் ஏத்தறது. செலவே இல்லாத சாமான்கள். சின்ன அதிகாரத்துக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் தேவைப்படலை.

தண்ணி இல்லாம நெல் பொய்த்துப் போன ஓர் ஊர்க்காரங்க மனு இருக்கு. வரியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேட்டிருக்காங்க. நடக்கலை. சுடுமணலில் நிறுத்தி, குனிய வச்சு, முதுகில் கல். ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் சோறு திங்க விடுவாங்களாம். இப்படியே மூணு மாசம்! கலெக்டரிடம் போனால் மனுவை வாங்கலை. செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனால், அவங்க அதை அதே கலெக்டருக்கே அனுப்பி வச்சாங்க. (இந்த இடத்துல எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிஞ்சது.) கடைசியில் சொத்து ஜப்தி, ஏலம். வீட்டுப் பெண்களுக்கு என்ன பண்ணினாங்க என்பதை எழுதக் கை கூசுது.

இன்னொருத்தர் பிராமணர். கொள்ளிடம் பாலத்து வேலைக்குப் பலகை, கரி, விறகு எல்லாம் இலவசமா கொடுன்னு தாசில்தார் கேட்டிருக்கார். மாட்டேன்னதும் பன்னிரண்டு பேர் வந்து அவரைப் பிடிச்சுத் துன்புறுத்தியிருக்காங்க. சப்-கலெக்டரிடம் மனு கொடுத்தார். துரை விசாரிக்கவே இல்லை, மனுவைக் கிழிச்சுப் போட்டுட்டார். மனுதாரர் சொல்லும் காரணம்தான் பிரமாதம். ஏழை செலவில் பாலத்தை மலிவா முடிச்சு அரசாங்கத்திடம் நல்ல பேர் வாங்கணும், அதனால தாசில்தார் என்ன செஞ்சாலும் துரைக்குக் கண் தெரியாது.

இவ்வளவையும் கேட்டுட்டு கமிஷன் என்ன சொல்லுச்சு? சித்திரவதை நடந்தது உண்மை. ஆனா தப்பு சுதேசிச் சிப்பந்திகளோடது, வெள்ளைக்கார அதிகாரிகள் மேல ஜனங்களுக்கு வருத்தமே இல்லை! மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதியபோது, இந்தக் கொள்ளிடத்துக் கதையையும் எடுத்து வச்சு இந்த முடிவைத்தான் கேள்வி கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். மேலே இருக்கறவருக்கு வசூல் வேணும், எப்படி வந்ததுன்னு தெரிய வேண்டாம். கீழே இருக்கறவன் கையில கிட்டி. அதுக்காகக் கிட்டி போட்டவனை நான் விட்டுடலை. பிழிஞ்சது அவன் கைதானே? எட்டு மணி வரை நிறுத்தச் சொன்னா ஏழு மணிக்கு விட்டிருக்கலாமே.

1859இல் புதுப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸை ரெவின்யூ ஆட்களிடமிருந்து பிரிச்சுத் தனி இலாகா ஆக்கினாங்க.

இதுல எனக்கு ஒரு சொந்தச் சிக்கல் இருக்கு. எங்க குடும்பத்துல கணக்குப்பிள்ளை வேலை பரம்பரையா இருந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கிராமப் பதவிகளை ஒழிச்சதே, அதுவரைக்கும். அது பெரிய அநியாயம்னு கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அறிக்கையைப் படிச்ச பிறகு பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"பெரியப்பா, நம்ம தாத்தாவெல்லாம் யாரையாவது வெயில்ல நிறுத்தியிருப்பாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கிஸ்தி கட்டாதவனைத் திண்ணையில உட்கார வச்சு மோர் கொடுப்பாங்களாடா?" என்றார். அப்புறம், மழை உண்டா அங்கேன்னு விசாரிச்சார்.