ஏரி காத்தவர் யார்?

நம் முன்னோர் ஊர் கூடி ஏரி காத்தனர் என்று பெருமை பேசாத தமிழ் மேடை இல்லை. அப்பெருமை பொய்யன்று. ஆயினும், “ஊர்” என்னும் அச்சிறு சொல்லினுள் யாவர் அடங்கினர், யாவர் வெளியே நிறுத்தப்பட்டனர் என்று வினவுவோர் அரியர். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவருள் பலர் ஏரிப் பாசனத்தை நம்பிய வறண்ட ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டவர்கள். ஆதலின் இவ்வினா நமக்கு அயலானதன்று.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. ஏரி, கண்மாய், தாங்கல், குளம் என ஜில்லாவுக்கு ஜில்லா பெயர் மாறினும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. சரிவான நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்குவர். மதகின் வழியே வயலுக்கு நீர் பாயும். மிகுந்த நீர் கலிங்கின் மேல் வழிந்து, கால்வாய் பற்றிக் கீழூர் ஏரியை அடையும். அதன் மிகுதி அதற்கும் கீழுள்ள ஏரியை நிரப்பும். இங்ஙனம் பல ஏரிகள் ஒரே சரட்டில் கோத்தவை போலத் தொடர்ந்து கிடக்கும். மேலூரார் தங்கள் கலிங்கில் நட்டுள்ள குத்துக்கற்களின் இடையே மண்ணும் புல்லும் வைத்து அடைத்துவிட்டால் அவர்கள் ஏரியில் நீர் உயரும். கீழூர் ஏரி காயும். ஆகவே எந்த ஊரும் தன் ஏரியைத் தனித்துக் காத்துக்கொள்ள இயலாது. எப்பொழுது அடைக்கலாம், எப்பொழுது திறந்துவிட வேண்டும் என்பதை ஊர்கள் தம்முள் பேசி மாமூலாக்கிக் கொண்டன. மாமூல் மீறப்பட்டபோது மண்வெட்டியும் தடியுமாகக் கரையில் நின்று சண்டையிடவும் செய்தன. ஒற்றுமை என்றவுடன் சண்டையே இல்லாத காலம் ஒன்றைக் கற்பித்துக்கொள்வது வாசகசாலை நாற்காலியில் அமர்ந்தோர் செய்யும் வேலை.

இனி, மேடைகளில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பார்ப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை அவை. ஏரியைக் கண்காணிக்க அறுவர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. உறுப்பினரைக் குடவோலையிட்டுத் தேர்ந்தனர். 360 நாட்கள் கழிந்ததும் பதவி நீங்கியது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவனுக்கு மட்டுமன்றி, அவன் உறவினருக்கும் அங்கே இடமில்லை. இன்றைய சங்கங்கள் பலவும் இவ்விதியைக் கண்டால் நடுங்கும்! ஆனால் குடத்தில் எவர் பெயர் விழலாம்? வரி செலுத்தும் கால் வேலி நிலத்திற்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர் சபை. வண்டல் வாரிக் கூடையில் சுமந்தவனின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை.

பிற்காலத்தில் இவ்வூர் வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர் வழங்கிற்று. மராமத்து என்பது அரபு மொழி வழி வந்த சொல். மழைக்கு முன்னர் வரத்துக் கால்வாயைச் செதுக்குதல், வண்டல் எடுத்தல், கரையை உயர்த்துதல் ஆகியவை அதில் அடங்கும். நிலமுடையோர் ஆள் அனுப்பினர். அனுப்பப்பட்டவர் யாரென்று நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதகைத் திறந்து அடைத்து, வயல்தோறும் முறை பார்த்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியும் பல ஊர்களில் தாழ்த்தப்பட்டோருள் ஒருவனே. தனக்கென நிலமில்லாதவன் ஓரவஞ்சனை செய்யான் என்று அவனை நம்பினர். அறுவடையில் அவனுக்கு நெற்கதிர் அளந்தனர். ஊரின் நீரையெல்லாம் பங்கிட்டுத் தந்த அவன் கையே குடிநீர்க் குளத்தைத் தொடலாகாது என்றும் விதித்தனர். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவர வேண்டியிருந்தது.

குடிமராமத்து அழிந்தது வெள்ளையராலே என்பர். பாதி உண்மை. மன்றோ பரப்பிய ரயத்துவாரி முறையில் சர்க்கார் ஊரை விட்டுவிட்டுத் தனித்தனிக் குடியானவனோடு கணக்கு வைத்துக்கொண்டது; ஏரி சர்க்கார் சொத்தாயிற்று. நன்செய் வரியை வாங்கியவர்கள் கரைக்குச் செலவிட மனம் கொள்ளவில்லை. 1852-இல் சென்னை மராமத்து வேலைகளை ஆராய்ந்த கமிஷனே இப்புறக்கணிப்பைக் கண்டித்தது. பின்னர் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. கரை உடையும் அபாயம் நேர்ந்தால் உழைக்கும் வகுப்பாரை வேலைக்கு இழுக்கலாம். வழக்கமான ஊர் வேலைக்கு வராதவர் மீது தண்டம் விதிக்கலாம். மனம் ஒப்பிச் செய்த வேலை என்றால் அதற்குத் தண்டம் எதற்கு?

மற்றப் பாதி உண்மையை நாம் பேசுவதில்லை. 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சம் நிலமற்றோரையே முதலில் வீழ்த்தியது. அதன் பின்னர்க் கங்காணிகள் ஊர்ப்புறங்களில் ஆள் சேர்த்தபோது, கரையில் மண் சுமந்தவர்கள் கூட்டம் கூட்டமாய் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். தோட்டம் சொர்க்கமன்று, கிராணி வேலை பார்ப்பவனுக்கு அதைப் பிறர் சொல்லத் தேவையில்லை. ஆயினும் கூலி காசாகக் கையில் விழுந்தது. நீர் தொட்டால் தீட்டு என்ற ஊரில், அந்நீரைக் காக்கும் வேலைக்கு அவர்கள் ஏன் திரும்ப வேண்டும்? நிலமுடையோரிலும் வசதி படைத்தோர் பின்னாளில் கிணறு வெட்டி மோட்டார் வைத்துக்கொண்டனர். அவர்களுக்கும் கரையின் நினைவு அற்றது. மேலூரும் கீழூரும் பேச வேண்டிய பேச்சும் அத்துடன் நின்றது.

அப்பேச்சை மீட்க முயன்றோர் உண்டு. 1990-களில் மதுரைப் பக்கத்தில் ஏரிப் பயனாளரை வயலகம் என்னும் சங்கங்களாக்கி, ஒரே தொடரில் அமைந்த ஏரிகளின் சங்கங்களை ஒன்றிணைக்கும் வேலை தொடங்கிற்று. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனக்காரர் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்றது. அதற்கு முன்னரே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஏற்படுத்தித் தேர்தலும் வைத்தது. அத்தேர்தலில் ஓட்டுரிமை நிலவுடைமையைப் பற்றியே அமைந்தது. உத்திரமேரூர்க் கல்லில் கால் வேலி என்று அளவு வெட்டியிருந்தார்கள்.