திண்ணையும் அடுப்பும்

தஞ்சாவூர்ச் சீமைக்குப் பள்ளிக்கூடம் என்பது சர்க்கார் கொண்டுவந்து வைத்த சாமான் அல்ல. 1822-ல் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ, உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள் என்று கலெக்டர்களைக் கேட்டார். தஞ்சையிலிருந்து போன கணக்கு 884.

பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள்தாம். ஊர்தான் அவற்றைத் தாங்கிற்று. அறுவடையானால் வாத்தியாருக்கு நெல் அளந்துவிடுவார்கள். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டக் கழியோடு வீடு வீடாகப் பாடிப் போவார்கள், கிடைத்தது வாத்தியாருக்கு. எழுதுவதற்கு மணல். காவிரிக்கரையில் மணலுக்கா பஞ்சம்? பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். இதே முறையைத்தான் சென்னையில் கையாண்டு பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் பிறகு அப்படிப் படித்தார்கள்.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் மன்றோ 1826-ல் எழுதிவைத்த குறிப்பையும் முழுக்கப் பார்க்கவேண்டும். மாகாணம் பூராவும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர். பள்ளி வயதுப் பையன்களில் நாலில் ஒருவன்தான் பள்ளிக்குப் போனான். வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பது அபூர்வம். ஊர் தாங்கிற்று, அரைவயிறாகத் தாங்கிற்று.

அந்த ஊர் என்பதுதான் யார்? மிராசுதார், கணக்குப்பிள்ளை, வியாபாரி. வாய்க்காலுக்கு அப்பால் சேரியில் இருந்த பண்ணையாளின் பையன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். நெல் விளைவித்தவன் வீட்டில் மத்தியானம் அடுப்பு எரியாது. தஞ்சைக்கென்றே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது தகப்பனுக்கு, பிள்ளையின் பசிக்கு என்ன செய்வது?

1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். ஒரு சாப்பாட்டுக்குச் சர்க்கார் ஆறு பைசா, ஊர் நாலு பைசா என்று பிறகு ஏற்பாடாயிற்று. இந்த நாலு பைசாவில்தான் சூட்சுமம் இருந்தது என்பேன். பத்தையும் சர்க்காரே கொடுத்திருந்தால் ஊர் வேடிக்கை பார்த்திருக்கும். இப்போது கொடுக்கிற கை பழைய கைதான். சாப்பிடுகிற பிள்ளைதான் புதிது. எல்லா ஊரிலும் முகம் சுளிக்காமல் நடந்தது என்று சொல்லமாட்டேன்.

கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதோடு நிற்கவில்லை. சோறு போட்ட ஊர் கட்டடத்தையும் பார்க்கட்டுமே என்று நினைத்தார். 1958-ல் செங்கற்பட்டு ஜில்லாக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பிறகு மாகாணம் முழுவதும் பரவிற்று. கூரை, பெஞ்சு, கரும்பலகை, கடியாரம், தண்ணீர்ப் பானை, சீருடை என்று வாத்தியார்கள் குறைகளை எழுதிவைப்பார்கள். இன்னார் இன்னது என்று ஊரார் ஏற்றுக்கொள்வார்கள். பெஞ்சு கொடுத்தவர் அதை ஒருநாள் வந்து பார்க்காமல் இருப்பாரா? வந்தால், அதில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு வாய்ப்பாடு வரவில்லை என்பதும் கண்ணில் படும். அப்புறம் வாத்தியார் சும்மா இருக்க முடியாது.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது சர்க்காரே முழுச் செலவையும் ஏற்றது. பிள்ளைகளுக்கு நிச்சயமான சோறு. ஊருக்கு அந்த நாலு பைசா விட்டுப்போயிற்று.

2023 ஆகஸ்ட் 25-ல், பழைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த திருக்குவளையில், காலை உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் விரித்தார்கள். கிராமங்களில் சமைக்கிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கவேண்டும் என்பது விதி.