துறைமுகத்து நறவும் யவனர் தேறலும்

பண்டைத் தமிழகத்தின் கடல்வாணிகத்தை ஆராய்வோர் யவனர் கொணர்ந்த மதுவைப் பெரிதும் எடுத்துரைப்பர். அஃது எத்துணை அளவினது, யார் உண்டது என்னும் வினாக்கள் தனித்து ஆராயப்பெறுதல் அரிது. துறைமுகத்தில் இறங்கிய மதுவையும், துறைமுகத்தில் விலைபோன மதுவையும் வேறுபடுத்திக் காண்டல் வேண்டும் என்பதே ஈண்டு நம் கருத்தாகும்.

முதற்கண் இலக்கியச் சான்றினை நோக்குவோம். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டு, யவனர் தந்த தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர அவன் நாளும் உண்டு மகிழ்தல் வேண்டும் என வாழ்த்துகின்றது. இங்குத் தேறலை உண்போன் வேந்தன், கலமோ பொற்கலம். இதனைக் கொண்டு நாட்டுமக்கள் யாவரும் யவன மதுவை உண்டனர் எனத் துணிதல் பொருந்தாது.

கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூசு என்னும் கடற்செலவு நூலும் இம்முடிவினையே வலியுறுத்துகின்றது. முசிறி முதலிய மேலைத் துறைகளில் இறக்குமதியான பொருள்களுள் மதுவும் ஒன்று. ஆயின் அது மிகுதியன்று என அந்நூலார் தெளிவாகக் குறிக்கின்றார். முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு மீளும் யவனர் மரக்கலத்தை அகநானூற்று 149-ஆம் பாட்டுக் கூறுகின்றது. வாணிகத்தின் உயிர்நாடி மிளகே. மது உடன்வந்த பண்டமேயாம்.

அரிக்கமேட்டு அகழாய்வு இதற்கு மாறாகும் என்பர் சிலர். 1945-இல் வீலர் அகழ்ந்தபோதும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் மீண்டும் அகழ்ந்தபோதும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுள் கிரேக்க நாட்டுக் கோசுத் தீவின் மதுச்சாடி வகை சிறப்பாகக் குறிக்கத்தக்கது. கோசு மதுவிற் கடல்நீர் கலத்தல் மரபு. அக்கலவை மதுவைக் கெடாது காத்தமையின் நெடுஞ்செலவிற்கு ஏற்றதாயிற்று எனலாம். எனினும், இத்தகைய சாடிகளில் எண்ணெயும் மீன்சாறும் வந்தமையும் அறியப்பட்டுள்ளது. ஓட்டின் தொகையே மதுவின் தொகையாகாது. அதனை உண்டார் தமிழரோ அங்குத் தங்கிய அயலாரோ என்பதனை ஓடு உரைப்பதில்லை.

அங்ஙனமாயின், கடலோடிகள் கரையில் எதனை வாங்கி உண்டனர்? இதற்குப் பருவக்காற்றினை நினைவுகூர்தல் வேண்டும். செங்கடல் வாயிலிலுள்ள ஒசெலிசிலிருந்து முசிறிக்கு 40 நாட்செலவு என்றும், மீளும் காலம் திசம்பர்த் திங்கள் என்றும் பிளினி எழுதுகின்றார். கோடையில் எகிப்தினின்றும் புறப்பட்டோர் இரண்டு மூன்று திங்களேனும் நம் கரையில் காத்திருந்திருத்தல் வேண்டும். இக்கணக்கு மேலைக் கரைக்கு உரியதாயினும், காற்று நோக்கித் துறையில் தங்குதல் கடலோடிகள் பலர்க்கும் பொதுவாம். கள்ளோ ஓரிரு நாளிற் புளித்துக் கெடுவது. கலத்தில் ஏற்றிச் செல்லுதற்கு இயலாதது. ஆகவே அது கரையிலேயே இறக்கி, கரையிலேயே விற்று, கரையிலேயே உண்ணப்படுவதாயிற்று.

காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை விரித்துரைக்கும் பட்டினப்பாலை, மீன் பொரிக்கும் ஒலி நிறைந்த முன்றிலை உடையதும் பலரும் புகுவதுமாகிய மனையின் வாயிலில் நறவு விற்பதனை அறிவிக்கும் கொடியையும் கூறுகின்றது. மொழி வேறுபட்ட பலநாட்டார் ஆங்குக் கலந்து உறைந்தனர் என்பதும் அந்நூலே உரைக்கும் செய்தி. மொழியறியார்க்கும் கொடி பொருள் உணர்த்தும் என்பது உண்மை. ஆயினும் அயலார் பொருட்டே அக்கொடி எழுந்தது எனல் மிகையாம்; உள்நாட்டு மதுரையிலும் கள்ளின் கொடி பறந்ததனை மதுரைக்காஞ்சியால் அறிகின்றோம். உள்நாட்டு வழக்கே துறைமுகத்தில் அயலார்க்கும் பயன்பட்டது எனக் கொள்ளுதலே அமைதியுடைத்து.

ஆகவே, யவனர் தேறல் கலத்தினின்று இறங்கிச் செல்வர் மனையை நாடியது. நறவோ கொடியின்கீழ்ப் பலர்க்கும் விலைபோனது. அயல்வாணிகத்தின் பெருமையை அளக்கப் புகுவார் முன்னதையே கண்டு பின்னதை மறப்பின், பட்டினத்து வாழ்வில் ஒரு பாதியையே கண்டவராவர்.