தேர்க்காலும் காலி வீதியும்

சக்கரத்தைக் கண்ட மனிதன் தூரத்தை வென்றான் என்று நூல்கள் கூறும். அவ்வெற்றியின் மறுபுறத்தைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. சக்கரம் உருளத் தொடங்கிய நாள் முதலாக அதன் கீழ் அகப்பட்டவர்களும் இருந்தே வந்திருக்கின்றனர். அவர்கள் பொருட்டு யார் பேசுவது, ஓட்டியவன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்னும் வினாக்களும் அன்றே எழுந்துவிட்டன. வீதிச் சட்டத்தின் வரலாறு, இவ்வினாக்களுக்குச் சமுதாயம் காலந்தோறும் அளித்த விடைகளின் வரலாறேயாகும். காலி வீதியில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளை விரைந்து செலுத்தித் தண்டச்சீட்டு வாங்குவது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் அச்சீட்டின் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கே உரிய கதையொன்று நிற்கின்றது. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசாண்டவன் என மகாவம்சம் கூறும் எல்லாளனின் ஒரே மைந்தன், திஸ்ஸவாவியை நோக்கித் தேரில் செல்கையில், வழியிற் கிடந்த கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் அதே தேர்க்காலால் மைந்தனின் தலையைத் துணித்தான். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையைப் பெரியபுராணத்திற் படித்த தமிழருக்கு இது புதியதன்று. கடல் கடந்த இரு மரபுகள், ஒன்று பாளியிலும் மற்றொன்று தமிழிலுமாக, ஒரே நீதியைப் போற்றியிருப்பது சிந்தனைக்குரியது.

மகாவம்சம் கூறும் இரண்டாவது நிகழ்ச்சியைப் பலர் அறியார். எல்லாளனே தேரிற் செல்லும்போது நுகத்தின் முனை ஒரு தாதுகோபத்தில் மோதியது. கற்கள் பதினைந்து பெயர்ந்தன. மன்னன் உடனே தேரினின்றும் இறங்கி வீதியிற் கிடந்து, தன் தலையையும் தேர்க்காலால் துணிக்குமாறு அமைச்சரைப் பணித்தான். தாதுகோபத்தைச் செப்பனிட்டால் போதும் என்று அவர்கள் கூறவே, அப்பதினைந்து கற்களை மீண்டும் அமைக்க 15,000 கஹாபணம் செலவிட்டான். இவை உண்மையில் நடந்தவைதாமா என்பது வேறு ஆராய்ச்சி. தலைக்குத் தலை வாங்கும் தண்டனை நமக்கு ஏற்புடையதும் அன்று. ஆனால், வாகனத்தில் இருப்பவன் யார் என்பதைப் பார்க்காமல் அதனால் அடிபட்டவர் யார் என்பதைப் பார்க்கும் நோக்கு இக்கதைகளில் உள்ளது. ‘எவரும் கேட்குமுன் நானே பொறுப்பேற்கிறேன்’ என்று தேரினின்று இறங்கிய மனமும் உள்ளது. இவை இரண்டும் இன்றி வீதிச் சட்டம் எதுவும் உயிர் பெறுவதில்லை.

மாடும் குதிரையும் இழுத்தவரை வேகத்துக்கு இயற்கையான எல்லை இருந்தது. இயந்திரம் அவ்வெல்லையைத் தகர்த்தது. கைத்தொழிற் புரட்சியின் தாயகமான இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைலும் நகரத்தில் இரண்டு மைலுமே செல்லலாம் என்றது. வண்டியின் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்கவும் வேண்டியிருந்தது. 1896 ஜனவரியில் கென்ற் பகுதியில் வால்ட்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு எட்டு மைல் வேகத்தில் காரோட்டினார். அவரைத் துரத்திப் பிடித்த பொலிஸ்காரர் சென்றது ஒரு சைக்கிளில்! அக்குற்றத்துக்குத் தண்டம் ஒரு ஷில்லிங். இதனைப் படிக்கும் எவருக்கும் இன்று நகைப்பு வரும். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் லண்டன் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் பிரிஜெற் டிரிஸ்கல் என்னும் பெண் காரில் மோதுண்டு இறந்தார். இத்தகைய மரணம் இனி நிகழாதிருக்கட்டும் என்று மரணவிசாரணை அதிகாரி கூறினாராம். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வீதி விபத்துக்களில் ஆண்டொன்றுக்கு மடிவோர் தொகை ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம். காரோட்டும் வசதி படைத்தோரின் கோரிக்கைக்கு இணங்கி, 1896 இறுதியிலும் 1903இலும் இங்கிலாந்து வேக எல்லையை உயர்த்தியது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் வண்டிக்குப் பதிவிலக்கத்தையும் ஓட்டுவோனுக்கு அனுமதிப்பத்திரத்தையும் விதித்தது. நம் நாட்டு மோட்டார்ச் சட்டங்கள் அவ்வழியில் வந்தவையே.

இனிக் கொழும்புக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகர வீதிகளில் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் மனிதன் இழுத்த ரிக்ஷாவும் ஓடின. 1899இல் மின்சார டிராம் வந்தது. முதலில் வெள்ளையர் கம்பெனியொன்றின் கையிலிருந்த டிராம் சேவையை 1944இல் மாநகரசபை ஏற்றது. 1960இல் அது நின்றுபோயிற்று. அந்த டிராம்களை ஓட்டிய தொழிலாளர் 1929இல் நடாத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. வீதி என்பது போவார் வருவாருக்கு வழி மட்டுமன்று. பலருக்கு அதுவே வேலைத்தலம் என்பதை அப்போராட்டம் நினைவூட்டியது.

பஸ் வண்டிகளின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். ஒரே வழியில் பல உரிமையாளரின் பஸ்கள் பிரயாணிகளுக்காகப் போட்டியிட்டு ஓடிய காலம் ஒன்றிருந்தது. முந்திச் சென்றவனுக்கே வருமானம். எனவே சாரதியின் கால் வேகமிதியை அழுத்தியது. அழுத்த வைத்தது முதலாளியின் கணக்கேடு. 1942இல் வழித்தட அனுமதிச் சட்டம் வந்ததும், 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியதும் இந்தப் பின்னணியிலேயே. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. நாள் வசூலை நம்பி வாழும் சாரதியும் நடத்துநரும் மீண்டும் ஓட்டப்பந்தயத்தில் இறக்கப்பட்டனர். இதனைக் காலி வீதியில் நிற்கும் எவரும் இன்றும் காணலாம்.

மோட்டார் வாகனங்களைப் பொறுத்தவரை, 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின் வந்த 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே, பல திருத்தங்களுடன் இன்றும் நம்மை ஆள்கிறது. அச்சட்டம் பிறந்த காலத்தில் மோட்டார் சைக்கிள் சிலருடைய உடைமை. பி.எஸ்.ஏ., டிரையம்ப், நோட்டன் முதலிய ஆங்கில வண்டிகளின் ஓசையைத் தெரு முழுதும் திரும்பிப் பார்த்த நாட்கள் அவை. 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் ஜப்பானிய வண்டிகளைக் கொணர்ந்தது. பின்னர் இந்திய வண்டிகள் வந்தன. இன்று நாட்டிற் பதிவு செய்யப்பெற்ற வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. காரென்பது கனவாகிவிட்ட எழுதுவினைஞனுக்கும், கடைச் சிப்பந்திக்கும், பிள்ளையை முன்னிருத்தி மனைவியைப் பின்னிருத்திச் செல்லும் தந்தைக்கும் அதுவே குடும்ப வாகனம். ஆதலின் மோட்டார் சைக்கிளை இகழ்ந்து பேசுவது ஏழையின் காலை இகழ்ந்து பேசுவதாகும்.

எனினும் அந்தக் காலே இன்று அதிகம் முறிகின்றது. இலங்கையில் அண்மை ஆண்டுகளில் வீதி விபத்துக்களால் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளிற் சென்றோரும் கால்நடையாய்ச் சென்றோருமே. இரும்புக் கூண்டுக்குள் இருப்பவன் தப்புகிறான். வெளியே இருப்பவன் மாளுகிறான். மோதலிலும் வர்க்கம் இருக்கிறது.

வேகத்தின் கணக்கை வகுப்பறையில் நாம் கற்பிக்கிறோம், வீதியில் மறந்துவிடுகிறோம். மோதும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். நகர்ப்புற எல்லையான 50 கிலோமீற்றரை விட்டு 70 கிலோமீற்றரில் செல்பவன் இருபதுதானே கூட்டினோம் என்று எண்ணுவான். மோதலின் ஆற்றலோ ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஐம்பதில் செல்லும்போதே, ஆபத்தைக் கண்டு கை தடையைப் பற்றுவதற்குள், ஒரு விநாடியில் வண்டி பதினான்கு மீற்றர் ஓடிவிடும். இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது யாது? வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். வழியில் தடையே இல்லை என்று கொண்டாலும், எழுபதில் செல்பவன் மிச்சம் பிடிப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. சமிக்ஞை விளக்குகள் அதனையும் பறித்துக்கொள்ளும்.

அப்படியாயின் ஏன் விரைகின்றனர்? இளமையின் துடிப்பு ஒரு காரணம். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒன்றையே சொல்லி நிறுத்துவது பாதி உண்மை. மாலை வேளையில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும், முதுகிற் பெட்டி சுமந்து உணவு கொண்டோடும் இளைஞரைப் பாருங்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. கொண்டுசெல்லும் பொதியொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கே உண்டு. முன்னாளில் பஸ் முதலாளியின் கணக்கேடு செய்த வேலையை இந்நாளில் கைப்பேசித் திரை செய்கிறது. மாடி வீட்டில் இருந்தவாறு, ‘ஏன் பத்து நிமிடம் தாமதம்?’ என்று சினக்கும் நாமும் அவன் கைப்பிடியை முறுக்குகிறோம். அவன் பிடிபட்டால் தண்டம் செலுத்துபவன் அவன் மட்டுமே.

அத்தண்டத்தின் முறையை யாவரும் அறிவர். சாரதி அனுமதிப்பத்திரம் பொலிஸார் வசம் போகும். சீட்டுக் கைக்கு வரும். பதினான்கு நாட்களுள் தபாற்கந்தோரிற் பணம் கட்டி மீட்க வேண்டும். அண்மையில் மின்வழியிற் செலுத்தும் வசதியும் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. தண்டம் வேண்டியதே. ஆனால் செல்வனுக்கு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவாகவும், பொதி சுமப்பவனுக்குப் பல நாள் உழைப்பாகவும் அமையும் தண்டம், எல்லாளன் நீதிக்கு இன்னும் தொலைவிலேயே நிற்கிறது. சீட்டுக்குப் பதிலாக வீதியோரத்தில் கைமாறும் நோட்டோ நீதியையே கொன்றுவிடுகிறது. கொடுப்பவனும் வாங்குபவனும் சேர்ந்து, அடுத்து அடிபடப் போகின்றவனின் உயிரை விலைபேசுகின்றனர்.

கொழும்புத் தமிழருக்கு இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த நெடுங்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீதியோரத்தில் நீட்டப்பட்ட கை, நம் வேகத்தைக் கேட்கவில்லை. நம் பெயரைக் கேட்டது, அடையாள அட்டையைக் கேட்டது. போர் 2009இல் முடிந்தது. அக்கையைக் கண்டதும் நெஞ்சில் எழும் நடுக்கம் அத்துடன் முடியவில்லை. 2015இல் முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைப் பொலிஸார் தடைசெய்ய முற்பட்டதும், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் நினைவிருக்கலாம். தலைக்கவசம் உயிர் காக்கும் என்பது ஹியூ கெயின்ஸ் என்னும் மூளைச் சத்திர சிகிச்சை நிபுணர் 1941இல் வெளியிட்ட ஆய்வு முதலாக நிறுவப்பட்டு வரும் உண்மை. குற்றவாளியின் முகத்தைத் தேடும் கண்ணும், குடிமகனின் தலையைக் காக்கும் கண்ணும் வேறு வேறானவை.

இந்த வேறுபாட்டை நாம் உணர வேண்டும். சந்தேகத்தால் நம்மை நிறுத்திய கைக்கு எதிராக நாம் கொண்ட நியாயமான கசப்பை, குழந்தையைக் காக்க நீளும் கைக்கும் எதிராகத் திருப்புவது தவறு. ‘பொலிஸ்காரனை ஏய்த்துவிட்டேன்’ என்று பெருமை பேசும் இளைஞன், உண்மையில் ஏய்த்தது மஞ்சட்கோட்டில் நின்ற மூதாட்டியைத்தான். அதே வேளையில், சட்டமும் நம்மிடம் மரியாதையுடன் வரவேண்டும். 1987இல் தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பு ஏற்றது. தன் குற்றம் யாதென்பதைத் தன் மொழியிலேயே வாசித்தறிய வேண்டும் என்று ஒருவன் கேட்டால் அது சலுகையன்று, உரிமை.

செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் தேர் புறப்படும் நாளிலும், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா நாளிலும் இந்நகரம் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. அன்று எவரும் அளவுகருவி கொண்டு நிற்க வேண்டியதில்லை. முன்னே செல்வோர் நம்மவர் என்னும் உணர்வே தடையாகி விடுகிறது. ஏனைய நாட்களிலும் வீதியைக் கடப்போர் நம்மவரே. பள்ளி விட்டு வரும் மாணவி, மீன் வாங்கித் திரும்பும் கிழவர், துறைமுக வேலை முடிந்து தளர்ந்து நடக்கும் தொழிலாளி ஆகிய இவர்களுள் எவர் கையிலும் ஆராய்ச்சி மணியின் கயிறு இல்லை.

எனவே, செய்ய வேண்டியவை மூன்று தரப்பாரையும் சாரும். பொதிக்குக் கூலி என்னும் முறையை மாற்றி, விரையாமலே வாழக்கூடிய ஊதியத்துக்குத் தொழில் கொடுப்போரைச் சட்டம் பொறுப்பாக்க வேண்டும். தண்டம் யாவருக்கும் ஒரே வலியைத் தருமாறும், அறவிடுவோர் கை தூயதாயிருக்குமாறும் அரசு வகைசெய்ய வேண்டும். ஆசிரியரும் பெற்றோருமாகிய நாம், பதினெட்டு வயது நிரம்புமுன் பிள்ளையின் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து மகிழ்வதை நிறுத்த வேண்டும். இவையெல்லாம் நிறைவேறும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கது ஒன்று ஓட்டுவோன் கையில் உள்ளது. அவன் கைப்பிடியைச் சற்றே தளர்த்தினால் போதும்.