பெய்ரூத்தில் ஒரு கல்விக்கூடம்

மத்தியதரைக் கடலோரம், பெய்ரூத் நகரில் இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்று விளங்கும் கல்விக்கூடம், கிறித்தவ மதப் பிரசாரகர்களால் நிறுவப்பெற்றது. 1866 டிசம்பர் 3-ஆம் நாள், பதினாறே மாணவர்களுடன் 'சிரியப் புராட்டஸ்டண்டுக் கல்லூரி' என்னும் பெயரில் அது தொடங்கிற்று. அதன் முதல் தலைவர் டேனியல் பிளிஸ். அடுத்த ஆண்டே மருத்துவப் பிரிவும் உருவாயிற்று.

அரபி பயின்ற நம் நெஞ்சைக் கவர்வது, அதன் தொடக்க காலப் போதனை மொழியாகும். பாடங்கள் அரபியிலேயே நடைபெற்றன. அமெரிக்கரான கொர்னேலியஸ் வான் டைக், அரபியைக் கசடறக் கற்று, மருத்துவத்தை அம்மொழியிலேயே போதித்தார். பாட நூல்களும் யாத்தார். 1865-இல் அவர் நிறைவு செய்த பைபிள் மொழிபெயர்ப்புக்கு மொழித் திருத்தம் செய்து துணை நின்றவர், அல்-அஸ்ஹரில் ஓதிய ஆலிம் ஷெய்கு யூசுப் அல்-அஸீர் ஆவார். சமயம் வேறாயினும் கல்வி அவர்களை ஒரே மேசையில் அமர்த்திற்று.

இந்த அணுக்கம் நீடிக்கவில்லை. 1882-இல் பேராசிரியர் எட்வின் லூயிஸ் தம் உரையில் டார்வினைப் பாராட்டவே, நிருவாகம் சினந்தது. அவர் பதவி இழந்தார். மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர், வான் டைக்கும் விலகினார். அதே 1880-களில் மருத்துவப் பாடமும் அரபியை விட்டு ஆங்கிலத்திற்கு மாறிற்று.

சமய பேதமின்றி எவரும் பயிலலாம் என்று 1871-இல் பிளிஸ் உறுதி கூறியிருந்தார். ஆயினும் ஆலய வழிபாடும் பைபிள் வகுப்பும் அனைவருக்கும் கட்டாயமாகவே இருந்தன. 1909-இல் முஸ்லிம் மாணவர்கள் அதற்கு இணங்க மறுத்தனர். யூத மாணவர்களும் உடன் நின்றனர். கோபித்துக்கொண்டு கல்லூரியைத் துறந்தாரில்லை. உள்ளிருந்தபடியே தம் உரிமையைக் கோரினர். உதுமானிய அரசின் வற்புறுத்தலும் சேர, 1915-இல் அக்கட்டாயம் தளர்ந்தது. 1920-இல் பெயரிலிருந்த சமயச் சொல்லும் நீங்கிப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் நிலைத்தது.

பிறர் எழுப்பிய கல்விக்கூடங்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்பும் நாம், இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம். கல்வியையும் ஈமானையும் ஒருங்கே பற்றி நின்ற அம்மாணவர்கள் கேட்டதைப் பெற்றனர். போதனை மொழி என்னும் இடத்தை இழந்த அரபியோ அங்கு மீண்டும் அவ்விடத்தைப் பெறவில்லை. ஈமானைக் காக்க விழித்திருக்கும் நாம், மொழியைக் காக்கவும் விழித்திருத்தல் வேண்டும்.