குயின்ஸ் ராயல் கல்லூரி

குயின்ஸ் ராயல் கல்லூரி, கரீபியன் தீவு நாடான டிரினிடாட் - டொபாகோவின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள அரசு ஆண்கள் பள்ளி. பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் இங்கு கற்பிக்கப்படுவது இடைநிலை, மேல்நிலைக் கல்வியே. 1859இல் தொடங்கிய இப்பள்ளி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு விசுவாசமான படித்த வர்க்கத்தை உருவாக்க முயன்றது. அந்த ஆட்சியின் கடுமையான விமர்சகர்கள் சிலரும் இங்கிருந்தே வந்தனர்.

தோற்றம்

1797இல் பிரிட்டன் டிரினிடாடை ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றியபோது, அங்கு கத்தோலிக்கர்களும் பிரெஞ்சு பேசுவோரும் செல்வாக்குடன் இருந்தனர். 1846 முதல் 1854 வரை ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபு, சமயச் சார்பற்ற அரசுப் பள்ளிகளை நிறுவினார். இவரே பின்னர் சென்னை மாகாண ஆளுநரானவர். அதே கொள்கையின் வழியில் 1859இல் ‘குயின்ஸ் காலேஜியேட் பள்ளி’ தொடங்கப்பட்டது. சமயபோதனை இல்லாத இந்தப் பள்ளியைக் கத்தோலிக்கத் தரப்பு ஏற்கவில்லை. 1863இல் பரிசுத்த ஆவி சபைத் துறவிகள் செயின்ட் மேரிஸ் கல்லூரியைத் தொடங்கினர்.

தீவின் கல்வி நிலையை ஆராய அயர்லாந்திலிருந்து வந்த பேட்ரிக் கீனன் 1869இல் அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டு ஆளுநர் ஆர்தர் கார்டன் ஒரு சமரசத்துக்கு வழி கண்டார். அரசுப் பள்ளி, குயின்ஸ் ராயல் கல்லூரி என்ற புதுப் பெயர் பெற்றது. செயின்ட் மேரிஸ் அதனுடன் இணைக்கப்பட்டு அரசு உதவி பெற்றது. படிப்பிலும் விளையாட்டிலும் இவ்விரு பள்ளிகளுக்கிடையே நிலவும் போட்டி அன்று தொடங்கியது.

கட்டடம்

தொடக்க காலத்தில் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. குயின்ஸ் பார்க் சவானா மைதானத்தின் மேற்குப் புறத்தில் 1902இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1904இல் இன்றைய கட்டடம் திறக்கப்பட்டது. ஜெர்மன் மறுமலர்ச்சிப் பாணியில் இதை வடிவமைத்தவர் டேனியல் ஹான். மணிக்கூண்டுடன் கூடிய இக்கட்டடம், மைதானத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் ‘மாண்புமிகு எழுவர்’ எனப்படும் ஏழு கட்டடங்களுள் ஒன்று.

பாடமும் தேர்வும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிரிட்டனுக்கு வெளியே பள்ளித் தேர்வுகளை முதன்முதலாக நடத்திய இடம் டிரினிடாட். 1860களில் தொடங்கிய இந்தத் தேர்வுகளே நூறாண்டுக்கும் மேலாகப் பாடத்திட்டத்தைத் தீர்மானித்தன. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, கணிதம், ஆங்கில இலக்கியம், பிரிட்டிஷ் வரலாறு ஆகியவை முதன்மை பெற்றன. கரீபியன் வரலாற்றுக்கு இடமிருக்கவில்லை. ஆசிரியர்களில் பலர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளாக இருந்தனர்.

அக்காலத்தில் படிப்பின் உச்சமாக இருந்தது ‘தீவு உதவித்தொகை’. ஒவ்வோர் ஆண்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அது கிடைத்தது. வென்றவர் அரசுச் செலவில் பிரிட்டன் சென்று மருத்துவமோ சட்டமோ படிக்க முடிந்தது. ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு உயர்கல்விக்கான வழி ஏறக்குறைய இது ஒன்றாகவே இருந்தது. எல்லோரும் போட்டியிடுகிறார்கள், பரிசு எல்லோருக்கும் இல்லை என்ற பொருள் தரும் லத்தீன் வாசகமே பள்ளியின் இலச்சினை வாக்கியம்.

பழைய மாணவர்கள்

1911இல் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் பாடப்புத்தகத்தைவிடக் கிரிக்கெட்டிலும் நாவல்களிலும் மூழ்கினார், உதவித்தொகைக்கு முயலவில்லை. பின்னர் இங்கேயே ஆசிரியரானார். ஹெய்ட்டி அடிமைப் புரட்சி பற்றிய ‘தி பிளாக் ஜாக்கபின்ஸ்’ (1938) இவருடையது. இவரிடம் படித்த எரிக் வில்லியம்ஸ் 1931இல் தீவு உதவித்தொகை வென்று ஆக்ஸ்போர்டு சென்றார். அடிமை முறைக்கும் பிரிட்டிஷ் முதலாளித்துவத்துக்கும் இருந்த தொடர்பை ‘கேப்பிடலிசம் அண்ட் ஸ்லேவரி’ (1944) நூலில் விளக்கினார். 1962இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமரானார். அவருக்கு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கணிதவியலாளர் ருத்ரநாத் கபில்தேவும் இப்பள்ளி மாணவரே. கபில்தேவின் சகோதரி மகனான எழுத்தாளர் வி. எஸ். நைபால் இங்கு பயின்று, உதவித்தொகை பெற்று 1950இல் ஆக்ஸ்போர்டு சென்றார். 2001இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார்.

விடுதலைக்குப் பின்

1960இல் அரசும் சமய அமைப்புகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சமயப் பள்ளிகள் தம் இடங்களில் 20 விழுக்காட்டைத் தாமே நிரப்பலாம். அரசுப் பள்ளியான குயின்ஸ் ராயலுக்கு அந்த உரிமை இல்லை. தொடக்கக் கல்வி முடிவில் எழுதும் பொதுத் தேர்வின் அடிப்படையில் மாணவர்கள் சேர்க்கப்படுகின்றனர். இடைநிலைக் கல்வி இலவசமானதும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு அகலத் திறந்தது.

1972இல் கரீபியன் தேர்வு மன்றம் அமைந்தது. 1979 முதல் அதன் தேர்வுகள் கேம்பிரிட்ஜின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. ஜேம்ஸும் வில்லியம்ஸும் பள்ளிக்கு வெளியே தேடிக் கற்ற கரீபியன் வரலாறு, இன்று அந்த மன்றத்தின் தேர்வுப் பாடங்களுள் ஒன்று.