இரண்டு எஸ்டேட்டுகள்

தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாறு பிறக்கும் மலை, சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரிமையாக இருந்தது. நெல்லை, தூத்துக்குடி வயல்களை நனைக்கும் நீரில் ஒரு பகுதி, ஒரு குடும்பத்தின் உடைமையான காட்டிலிருந்து இறங்கி வந்தது என்பதை இன்று நினைத்துப் பார்க்க வியப்பாயிருக்கிறது. அம்மலையின் பசுமைமாறாக் காட்டில் விழும் மழை உடனே ஓடிவிடுவதில்லை. உதிர்ந்த சருகும் வேர்ப்பின்னலும் அதை உறிஞ்சிவைத்து, மழை ஓய்ந்த மாதங்களிலும் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகின்றன.

1929ஆம் ஆண்டு ஜமீன் இக்காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. வழக்குச் செலவால் நேர்ந்த கடனே காரணம் என்பது அப்பகுதியில் வழங்கிவரும் கதை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என ஊர்கள் எழுந்தன. காடு திருத்தப்பட்டுத் தேயிலையாயிற்று.

தனியார் காடுகளைக் காக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் இல்லாமலில்லை. ஜமீன் ஒழிப்பு நெருங்கியபோது, காடு கைவிட்டுப் போகுமுன் மரத்தைக் காசாக்கிவிட உடைமையாளர் பலர் முனைந்தனர். அதைத் தடுக்கவே 1949இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரின் முன்னனுமதியின்றி அத்தகைய காட்டை விற்கவோ, அடகுவைக்கவோ, குத்தகைக்கு விடவோ, மரம் வெட்டவோ கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் மாஞ்சோலைக்கு இருபதாண்டு தாமதம்.

1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தில் ‘எஸ்டேட்’ என்பது ஜமீனைக் குறிக்கும்; மலைமக்கள் வாயில் அதே சொல் தேயிலைத் தோட்டத்தைக் குறிக்கும். 1952இல் முதல் எஸ்டேட் அரசின் கைக்குப் போயிற்று. இரண்டாவது எஸ்டேட் குத்தகையைப் பற்றிக்கொண்டு நிலைத்தது! உடைமையாளர் மாறியும் ஓடைக்கரையில் தேயிலையே நின்றது. தனியுடைமையைக் குறைசொல்லிவிட்டு அரசுடைமையைப் போற்றுவோர் இதனைக் கருதவேண்டும்.

1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்தது. 2018இல் சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028இல் முடியவிருக்க, 2024இலேயே நிறுவனம் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வை முன்வைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், அரசே தோட்டத்தை ஏற்று நடத்தவேண்டும் என்ற தொழிலாளர் தரப்புக் கோரிக்கையை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை.

காடு மீளவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அதைத் திருத்தும் கூலிக்காகச் சமவெளியிலிருந்து ஏற்றப்பட்டவர்களின் வழிவந்தோருக்கு அம்மலையில் என்றுமே ஒரு சென்ட் நிலமும் உரிமையாக இருந்ததில்லை. கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் அவர்கள் ஊர்வலம் சென்றபோது, காவலர் தடியடியை அடுத்து 17 பேர் உயிரிழந்தனர். அது நிகழ்ந்தது தாமிரபரணியின் கரையில். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஆற்றில் விழுந்து மூழ்கியவர்கள்.